அடுத்த வரி என்ன? ஒரு நினைவு மலரும் விக்கிமேற்கோளும்

நினைவு மலருக்கான எழுத்துகள் என் கைக்கு வந்தபோது 31ஆம் நாள் சடங்குக்கு இன்னும் 12 நாள்களே இருந்தன. காலமானவர் எங்களுக்குத் தமிழ் படிப்பித்தவர். அவரிடம் படித்த எல்லோருக்கும் அவர் 'சேர்'தான். இங்கும் அப்படியே எழுதுகிறேன். வெள்ளவத்தைத் தொடர்மாடி வீடொன்றின் முன்னறையில் வைத்து அவருடைய மூத்த மகள் ஒரு கோவையை நீட்டினார். "தம்பி, எழுத்துப்பிழை மட்டும் பார்த்துத் தாருங்கள். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்" என்றார்.

ஈழத்துச் சைவ வீடுகளில், ஒருவர் இறந்த 31ஆம் நாள் நடக்கும் வீட்டுக்கிருத்தியச் சடங்குக்கு வருபவர்களின் கையில் ஒரு சிறு நூலைக் கொடுப்பது வழக்கம். நினைவு மலர் என்பார்கள். பழையவர்கள் கல்வெட்டு என்பார்கள். இறந்த திதியைச் சொல்லும் வெண்பா, பஞ்சபுராணம், சிவபுராணம், வாழ்க்கைக் குறிப்பு, வம்சாவளி, பிள்ளைகளின் புலம்பல், நன்றி நவிலல் என்று அதற்கு ஒரு வரிசை உண்டு. இடையில் வெறுமையாகக் கிடக்கும் அரைப் பக்கங்களில் பொன்மொழிகள் வந்து அமரும். அவற்றை யாரும் புதிதாக எழுதித் தருவதில்லை. முன்னர் வந்த ஏதோவொரு மலரிலிருந்து, அல்லது அச்சகத்துக் கணினியில் ஏற்கெனவே கிடப்பதிலிருந்து எடுத்துப் போடுவார்கள்.

சேருடைய மலரில் அப்படி நான்கு இருந்தன. முன்னட்டையில் 'யாதும் ஊரே யாவரும் கேளிர்'. அவருடைய ஆசிரியப் பணியைச் சொல்லும் பக்கத்தில் 'எழுத்தறிவித்தவன் இறைவன் ஆகும்', கீழே ஔவையார் என்ற பெயர். நடுவில் யோகர் சுவாமிகளின் படத்தோடு 'ஒரு பொல்லாப்பும் இல்லை'. பின்னட்டை முழுவதும் கீதாசாரம், அடியில் 'பகவான் ஸ்ரீ கிருஷ்ணர், பகவத் கீதை'.

மூன்று வரிகள் தமக்கு உரியவரல்லாத பெயரோடு நின்றன. நான்காவது சரியான வரிதான். தன் அயல் வரிகளை இழந்து தனியாக நின்றது. இந்த நான்கையும் அந்த 12 நாள்களில் என்ன செய்தோம், மேற்கோள்களைத் திரட்டும் விக்கிமேற்கோள் என்ற தன்னார்வலர் தொகுப்பில் நாங்கள் பழகிய முறை அதற்கு எவ்வளவு தூரம் உதவியது, எங்கே உதவவில்லை என்பதைப் பதிவு செய்யவே இதை எழுதுகிறேன்.

எழுத்துப்பிழை மட்டும் பார்த்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம். வேறொருவருடைய மலர் என்றால் போயிருப்பேன். ஆனால் இது சேருடைய மலர். எங்கள் வகுப்பில் ஒருமுறை பேச்சுப்போட்டிக்கு ஒத்திகை நடந்தது. ஒரு மாணவன் மேசையைத் தட்டி, "மெல்லத் தமிழ் இனிச் சாகும் என்று பாரதியே பாடிவிட்டான்" என்று முழங்கினான். கடைசி வாங்கில் உட்கார்ந்திருந்த சேர் எழுந்தார். "அடுத்த வரி என்ன?" என்று கேட்டார். அவனுக்குத் தெரியவில்லை. எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர் கரும்பலகைக்குப் போய், 'மேற்கு மொழிகள் புவிமிசை ஓங்கும்' என்றும், அதற்குக் கீழே 'என்றந்தப் பேதை உரைத்தான்' என்றும் எழுதினார். தமிழ்த்தாய் பேசுவதாகப் பாரதி எழுதிய பாட்டு அது. தமிழ் சாகும் என்று ஒரு பேதை சொன்னான், அந்தப் பழி எனக்கு வரலாமா, எட்டுத் திக்கும் போய்க் கலைச்செல்வங்களைக் கொண்டுவாருங்கள் என்று அந்தத் தாய் பிள்ளைகளை ஏவுகிறாள். அவள் மறுப்பதற்காக எடுத்துச் சொன்ன பேச்சை வெட்டியெடுத்துப் பாரதியின் தீர்க்கதரிசனம் என்று மேடைதோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

அதன்பின் எங்களில் யார் எதை மேற்கோள் காட்டினாலும் அவரிடமிருந்து வருவது மூன்று கேள்விகள்: யார் சொன்னது, எங்கே சொன்னது, அடுத்த வரி என்ன. அப்படிப்பட்டவரின் மலரில் பெயர் மாறிய வரிகள் அச்சாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

தொகுப்பின் வழக்கம்

விக்கிமேற்கோள் 2003இல் தொடங்கியது. விக்கிப்பீடியாவை நடத்தும் விக்கிமீடியா அறக்கட்டளையின் திட்டம்தான் இதுவும். 2004இல் மொழிவாரியாகப் பிரிந்தது. தமிழுக்கும் ஒரு பதிப்பு உண்டு. யாரும் எழுதலாம், யாரும் திருத்தலாம், ஒவ்வொரு திருத்தமும் வரலாற்றுப் பக்கத்தில் நிற்கும். கட்டணம் இல்லை, எடுத்துப் பயன்படுத்துபவர்கள் எங்கிருந்து எடுத்தோம் என்று சொல்லி, அதே உரிமத்தில் பகிர்ந்தால் போதும்.

வரிகளைச் சேர்த்து வைப்பது நமக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்தில் இருந்த பேர்சிவல் பாதிரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே தமிழ்ப் பழமொழிகளைத் திரட்டி ஆங்கில மொழிபெயர்ப்போடு அச்சிட்டார். 1874இல் வந்த பதிப்பில் 6,000க்கு மேற்பட்ட பழமொழிகள் இருந்தன. ஆனால் பழமொழிக்கு ஆசிரியர் பெயர் தேவையில்லை. ஊர் சொன்னது என்றால் போதும். மேற்கோளுக்கு அது போதாது. அங்கேதான் வேலையே தொடங்குகிறது.

இந்தத் தொகுப்புக்கு வருபவர்கள் பலரும் முதலில் நினைப்பது, அழகான வரியைச் சேர்ப்பதுதான் இங்கே வேலை என்று. நானும் அப்படித்தான் வந்தேன். வரியைத் தட்டச்சு செய்ய ஒரு நிமிடம் போதும். நூல், பதிப்பு, பக்கம் அல்லது பாடல் எண் தேட ஒரு வாரம் ஆகலாம். ஆங்கிலப் பதிப்பில் ஒருவருடைய பக்கத்தின் அடியில் இரண்டு பகுதிகள் இருப்பதைப் பார்க்கலாம்: அவர் சொன்னாரா என்ற ஐயத்துக்கு உரியவை, அவர் சொல்லாமலே அவர் பெயரில் உலவுபவை. என்னைக் கேட்டால் அந்தத் தொகுப்பின் மிகப் பெரிய கொடை அந்த இரண்டு பகுதிகளும்தான். பொய்யான பெயரை வெறுமனே அழித்துவிட்டால் நாளைக்கு வேறொருவர் நல்லெண்ணத்தோடு மறுபடியும் சேர்ப்பார். 'இது இவருடையது அல்ல, காரணம் இது' என்று எழுதி வைத்தால் தேடி வருபவருக்கு விடை கிடைக்கும்.

இன்னொரு எல்லையும் உண்டு. பிரெஞ்சுப் பதிப்பை 2006இல் முழுவதுமாக அழித்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டி வந்தது; வேறொரு மேற்கோள் தொகுப்பிலிருந்து மொத்தமாக எடுத்துப் போட்டதால் வந்த பதிப்புரிமைச் சிக்கல். இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் வரை உரிமை நிற்கும். வெளியான ஒன்றிலிருந்து சிறு பகுதியை, மூலத்தையும் பெயரையும் சொல்லி நியாயமான அளவில் மேற்கோள் காட்டுவதற்குத் தடையில்லை. ஆக, மூலத்தைக் குறிப்பது எங்களுக்கு ஒழுக்கமும் ஆகிறது, சட்டமும் ஆகிறது.

கொழும்பில் இந்த வேலையில் ஈடுபடும் நாங்கள் ஐந்து பேர். வேலை முடிந்து வரும் ஒரு கணக்காய்வாளர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், பல்கலைக்கழக மாணவர் இருவர், நான். கோவையைப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பிய அன்றிரவே ஆசிரியையிடமிருந்து பதில் வந்தது: "எழுத்தறிவித்தவன் வெற்றிவேற்கை. அதிவீரராம பாண்டியர். ஔவையார் அல்ல. பாடசாலையில் வாய்ப்பாடம் செய்தது." அந்த ஒன்று ஐந்து நிமிடத்தில் முடிந்தது. ஆத்திசூடி, கொன்றைவேந்தன், வெற்றிவேற்கை, உலகநீதி எல்லாம் ஒரே சிறு புத்தகமாகக் கட்டி விற்கப்படுவதால் அதிலுள்ள அனைத்தையும் ஔவையின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

கீதையில் இல்லாத கீதாசாரம்

'எது நடந்ததோ, அது நன்றாகவே நடந்தது. எது நடக்கிறதோ, அது நன்றாகவே நடக்கிறது. எது நடக்க இருக்கிறதோ, அதுவும் நன்றாகவே நடக்கும்.' தமிழ் வாசிக்கத் தெரிந்த எவருக்கும் இதற்குமேல் நான் எழுதிக் காட்டத் தேவையில்லை. கலண்டரில், கடைச் சுவரில், முச்சக்கரவண்டியின் உட்புறத்தில், மரண வீட்டு மலரில் எல்லாம் இருக்கிறது. கீதையில் இல்லை.

இல்லை என்று எப்படிச் சொல்வது? ஒரு வரி ஒரு நூலில் இருக்கிறது என்று காட்ட ஒரு பக்கத்தைத் திறந்தால் போதும். இல்லை என்று காட்ட நூல் முழுவதையும் திறக்க வேண்டும். நல்ல வேளையாகக் கீதை வரையறை உள்ள நூல்: 18 அத்தியாயம், 700 சுலோகம். மாணவர்கள் இருவரும் ஆளுக்கு 9 அத்தியாயம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒருவர் பாரதியின் மொழிபெயர்ப்பை எடுத்தார். மற்றவர் சித்பவானந்தரின் உரையை எடுத்தார். பிறகு மாற்றிக்கொண்டார்கள். வெள்ளவத்தை 57ஆம் ஒழுங்கையில் உள்ள கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் மூன்று மாலைகள் இதற்கே போயின. 1942இல் தொடங்கிய சங்கம் அது. அங்கே உட்கார்ந்து படிக்கும்போது காலி வீதியின் பஸ் இரைச்சல் தொலைவில் கேட்கும்.

அருகில் வருபவை சில கிடைத்தன. இரண்டாம் அத்தியாயத்தின் 11ஆம் சுலோகம், துயரப்படத் தகாதவர்களுக்காக நீ துயரப்படுகிறாய் என்கிறது. 22ஆவது, நைந்த துணியைக் களைந்து புதுத்துணி உடுப்பதுபோல் ஆன்மா உடலை மாற்றுகிறது என்கிறது. 27ஆவது, பிறந்தவனுக்குச் சாவு உறுதி, செத்தவனுக்குப் பிறப்பு உறுதி, தவிர்க்க முடியாததற்கு வருந்தாதே என்கிறது. கீதாசாரத்தின் பிற்பகுதியில் வரும் 'எதற்காக நீ அழுகிறாய்' என்ற தொனிக்கு இவை தூரத்து உறவு. முதல் மூன்று வரிகளுக்கு அந்த உறவும் இல்லை. நடந்ததெல்லாம் நன்றாகவே நடந்தது என்று கண்ணன் அருச்சுனனிடம் சொல்லவேயில்லை. சொல்லியிருந்தால் அருச்சுனன் வில்லைக் கீழே போட்டுவிட்டுத் தேர்த்தட்டிலேயே இருந்திருக்கலாம். அதுவும் நன்றாகவே நடந்தது என்று ஆகியிருக்கும். உன் கடமையைச் செய், பலனில் உனக்கு உரிமை இல்லை என்பதுதான் அதே அத்தியாயத்தின் 47ஆம் சுலோகம். ஒன்று ஆறுதல் சொல்கிறது, மற்றது எழுப்பிவிடுகிறது. இரண்டும் ஒரு நூலின் சாரமாக இருக்க முடியாது.

இதை எழுதிக்கொண்டு சேருடைய மூத்த மகளிடம் போனேன். எங்களுக்கு அவர் அக்கா. அங்கே சேருடைய தம்பி இருந்தார், அக்காவுக்குச் சித்தப்பா. எழுபது வயதைத் தாண்டிய சிவபக்தர். நான் சொன்னதைக் கேட்டதும் அவருடைய முகம் மாறியது. "தம்பி, எல்லா மலரிலும் இதுதான் போடுகிறார்கள். அண்ணாவுடைய மலரில் மட்டும் இல்லையென்றால் சனம் என்ன சொல்லும்? நீங்கள் படித்த பிள்ளைகள், கடவுள் சொன்னதைச் சொல்லவில்லை என்பதா?" என்றார். கோபம் அவருடைய குரலில் இல்லை, வருத்தம்தான் இருந்தது. எனக்குப் பதில் வரவில்லை.

அக்கா கோவையின் கடைசித் தாளைக் கையில் எடுத்தார். வாய்விட்டு வாசித்தார். முதல் வரியில் நின்றுவிட்டார். சுவரில் சேருடைய புதிய படத்துக்குப் பக்கத்தில் இன்னொரு படம் இருந்தது. போர்க்காலத்தில் இழந்த அக்காவின் கடைசித் தம்பி, பாடசாலைச் சீருடையில். அதைப் பார்த்தபடி, "சித்தப்பா, இவன் போனதும் நன்றாகவே நடந்ததா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பிறகு நீண்ட நேரம் யாரும் பேசவில்லை. கடைசியில் சித்தப்பாதான் பேசினார். உண்மையான கீதையைக் கொண்டுவந்து தாருங்கள், நானே பார்க்கிறேன் என்றார். கொண்டுபோய்க் கொடுத்தேன். இரண்டாம் அத்தியாயத்தில் 72 சுலோகங்கள். மூன்று பின்னேரங்கள் உட்கார்ந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் வாசித்தார். நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்து, "27ஐப் போடுங்கள். இலக்கத்தோடு போடுங்கள்" என்றார்.

செய்தியை விக்கிமேற்கோளிலும் பதிந்தோம்: இவ்வரிகள் கீதாசாரம் என்ற பெயரில் பரவலாக அச்சிடப்படுகின்றன, 700 சுலோகங்களில் எதன் மொழிபெயர்ப்பும் அல்ல, நெருங்கி வரும் சுலோகங்கள் இவை. சில மணி நேரத்தில் உரையாடல் பக்கத்தில் ஒரு பயனர் கேட்டார்: கீதாசாரம் என்பதே கீதையின் சாரம்தானே, சுலோகமாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நேர்மையான கேள்வி அது. சாரம் எழுத எவருக்கும் உரிமை உண்டு. எழுதியவர் பெயரில் அது நிற்கலாம், பெயர் தெரியாவிட்டால் பெயரின்றி நிற்கலாம். கண்ணன் சொன்னதாகக் கையொப்பம் வைப்பதுதான் தவறு என்று பதில் எழுதினேன். அவர் ஏற்றுக்கொண்டு, எங்கள் சொற்றொடரைத் தாமே இன்னும் தெளிவாகத் திருத்தினார். 'தவறான கூற்று' என்று நாங்கள் எழுதியிருந்ததை எடுத்துவிட்டு, 'கீதையின் கூற்றாகத் தவறாகக் காட்டப்படுவது' என்று மாற்றினார். நாங்கள் ஐவரும் கவனிக்காமல் விட்ட வேறுபாடு அது.

செல்லப்பரும் யோகரும்

யோகர் சுவாமிகளின் வரியில் இந்த முறை கைகொடுக்கவில்லை. அதனால்தான் அதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

'ஒரு பொல்லாப்பும் இல்லை', 'எப்பவோ முடிந்த காரியம்', 'நாம் அறியோம்', 'முழுதும் உண்மை'. இந்த நான்கும் யாழ்ப்பாணத்தாருக்கு மகாவாக்கியங்கள். கொழும்பிலும் எத்தனையோ வீடுகளின் சுவாமி அறையில் யோகர் சுவாமிகளின் வெண்தாடிப் படத்துக்குக் கீழே இவை அச்சாகித் தொங்குகின்றன. 1872இல் பிறந்து 1964இல் சமாதியடைந்த யோகர் சொன்னவை என்றே பலரும் நினைக்கிறார்கள். அவர் சொன்னார் என்பது உண்மைதான். ஆனால் அவர் தம் குருவிடம் கேட்டதைச் சொன்னார். நல்லூர்த் தேரடியில் பித்தரைப்போல் திரிந்த செல்லப்பா சுவாமியின் வாக்குகள் இவை. செல்லப்பர் ஒரு வரியும் எழுதி வைக்கவில்லை. யோகரின் பாடல்களைத் திரட்டிய நற்சிந்தனையில் இவற்றைக் குருவின் வாக்காகவே யோகர் பாடுகிறார்.

அப்படியானால் மேற்கோள் யாருடைய பக்கத்தில் நிற்க வேண்டும்? ஐவருக்குள்ளும் கருத்து ஒன்றுபடவில்லை. எழுதப்பட்ட மூலம் யோகருடையது, அதைத்தான் சரிபார்க்க முடியும், ஆகவே யோகர் என்றார் கணக்காய்வாளர். கணக்குப் புத்தகத்தில் இல்லாத ரசீதை அவர் ஏற்பதில்லை. ஆசிரியை ஒரே பிடியாக மறுத்தார். "யோகர் சுவாமியே என் குரு சொன்னார் என்று கைகாட்டுகிறார். அந்தக் கையைத் தட்டிவிட்டு அவருடைய வாயிலேயே வைப்பது அவருக்குச் செய்யும் மரியாதையா?" என்று கேட்டார்.

கீதைக்கு 700 என்ற வேலி இருந்தது. தேரடியில் சொல்லப்பட்ட வாக்குக்கு வேலி இல்லை. கேட்டவர் சொன்னால்தான் உண்டு. நம் மரபில் பாதிக்கு மேல் இப்படிக் காதால் வந்தவை என்பதை அச்சை மட்டுமே நம்பும் முறை மறந்துவிடக் கூடாது. கடைசியில் செல்லப்பா சுவாமியின் பெயரில் பதிந்து, 'யோகர் சுவாமிகளின் நற்சிந்தனை வழியாகக் கிடைப்பது' என்று குறிப்பு எழுதி, யோகரின் பக்கத்திலிருந்து அங்கே இணைப்புக் கொடுத்தோம். கணக்காய்வாளருக்கு இன்றுவரை அதில் முழு உடன்பாடு இல்லை. எனக்கு ஆசிரியை சொன்னதே சரியென்று படுகிறது: சொன்னவரும் கேட்டவரும் இருவருமே தெரிய வேண்டும்.

இதற்கிடையில் அக்கா சேருடைய அலுமாரியிலிருந்து ஒரு சி.ஆர். கொப்பியை, தடித்த குறிப்பேட்டை, எடுத்து வந்தார். மட்டை கிழிந்து, முதுகில் கறுப்புத் துணி ஒட்டியிருந்தது. பக்கத்துக்கு ஒரு வரி. வரி நீலப் பேனையில், மூலம் பென்சிலில். பென்சில் ஏன் என்பது புரட்டப் புரட்ட விளங்கியது: பல இடங்களில் பழைய மூலத்தை அழித்துவிட்டுப் புதியதை எழுதியிருந்தார். சில இடங்களில் வெறும் கேள்விக்குறி. 'ஒரு பொல்லாப்பும் இல்லை' என்ற பக்கத்தில் 'செல்லப்பர்' என்று எழுதி, ஓர் அம்புக்குறி போட்டு, 'யோகர்' என்று எழுதியிருந்தார். நாங்கள் நான்கு நாள்கள் வாதாடியதை அவர் ஓர் அம்புக்குறியால் முடித்திருந்தார்.

அந்தக் கொப்பியைச் சான்றாகக் காட்ட விக்கிமேற்கோளில் இடமில்லை. அச்சில் வராத, மற்றவர் எடுத்துப் பார்க்க முடியாத எதையும் மூலமாகக் கொள்வதில்லை. எனக்கு மனக்குறைதான்; ஆனாலும் விதி சரியானது. என்னுடைய ஆசிரியர்மீது எனக்குள்ள நம்பிக்கையை முன்பின் அறியாத ஒரு வாசகரிடம் கேட்க எனக்கு உரிமையில்லை. கொப்பி எங்களுக்கு வழி காட்டியது. காட்டிய இடத்தில் அச்சான நூலைத் தேடிப் பிடிப்பது எங்கள் வேலை.

கேள்விக்குறிகள் நின்ற பக்கங்களைப் பற்றி அக்கா ஒரு விஷயம் சொன்னார். ஊரை விட்டு வரும்போது சேர் புத்தகங்களை விட்டுவிட்டு வந்தார். வரிகளை மனதில் கொண்டு வந்து, கொழும்பில் உட்கார்ந்து இந்தக் கொப்பியில் எழுதினார். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வீடுகளில் எரிந்தவற்றுக்கும் இடம்பெயர்வில் கைவிடப்பட்டவற்றுக்கும் கணக்கே இல்லை. நூல் போன பிறகும் வரி மனதில் நின்றது. அது எந்த நூல் என்பது மெல்ல மெல்ல மறந்துபோனது. நம்மவர்களின் மலர்களில் பெயர் மாறிய வரிகளைப் பார்க்கும்போது அலட்சியம் என்று திட்டுவதை நான் அன்றோடு விட்டுவிட்டேன். தமிழ் இலக்கியங்களை மின்னூலாக்க 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும், ஈழத்து நூல்களை எண்ணிமப்படுத்திவரும் நூலகம் நிறுவனமும் இல்லையென்றால் எங்கள் ஐவரின் வேலையில் பாதி நடந்திருக்காது.

புறம் 192

முன்னட்டை வரியில் பெயர்ச் சிக்கல் இல்லை. கணியன் பூங்குன்றன், புறநானூறு 192. சேருடைய பிள்ளைகளில் ஒருவர் ரொறன்ரோவில், ஒருவர் லண்டனில் இருப்பதால் 'யாதும் ஊரே' பொருத்தம் என்று குடும்பம் நினைத்திருந்தது. நான் கேட்டது சேருடைய கேள்வியைத்தான்: அடுத்த வரி என்ன?

அந்தப் பாட்டு 13 அடி. தீதும் நன்றும் பிறர்தர வாரா என்பது இரண்டாம் அடி. அதுவரை பலருக்குத் தெரியும். நான்காம் அடி 'சாதலும் புதுவது அன்றே' என்கிறது. வாழ்வு இனிது என்று மகிழ்ந்ததும் இல்லை, வெறுத்து இன்னாது என்றதும் இல்லை என்கிறது. மழை பெய்து கல்லில் மோதி ஒலிக்கும் பேராற்றில் நீரின் வழியே போகும் தெப்பத்தைப்போல உயிர் முறைவழியே போகும் என்று அறிந்துகொண்டோம். ஆகவே பெரியோரை வியப்பதும் இல்லை, சிறியோரை இகழ்வது அதனினும் இல்லை என்று முடிகிறது. பின்னட்டையில் கீதாசாரத்தைப் போட்டு எந்த ஆறுதலைக் குடும்பம் தேடியதோ, அது இரண்டாயிரம் ஆண்டுப் பழமையோடு முன்னட்டையிலேயே இருந்தது. முதல் அடியோடு வெட்டிவிட்டதால் கண்ணில் படவில்லை.

அக்கா 13 அடிகளையும் அச்சிடச் சம்மதித்தார். சொற்பொருளை ஆசிரியை எழுதித் தந்தார். பின்னட்டையில் கீதையின் இரண்டாம் அத்தியாயம் 27ஆம் சுலோகத்தின் பொருள், இலக்கத்தோடு. வெற்றிவேற்கை அதிவீரராம பாண்டியரிடம் திரும்பிப் போனது. யோகரின் படத்துக்குக் கீழே செல்லப்பரின் பெயரும் வந்தது. கடைசிப் பக்கத்தில் 'சேர் வகுப்பில் கேட்ட கேள்வி' என்று தலைப்பிட்டு அந்த மூன்று கேள்விகளையும் போட்டோம். அது அவருடைய சொந்த வாக்கு. இனி அச்சான மூலமும் அதற்கு உண்டு.

என் பிழை

மெய்ப்பை நான்தான் கடைசியாகப் பார்த்தேன். கொட்டாஞ்சேனையில் இருந்த அச்சகத்தில், இரவு எட்டரை மணிக்கு. எண்களை இன்னொருமுறை சரிபார்க்க வேண்டும் என்று நினைத்தேன். இயந்திரம் காத்துக்கொண்டு நின்றது. சரி என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

அதே இரவு அந்தப் பாட்டின் குறிப்பை என் கோப்பிலிருந்து அப்படியே விக்கிமேற்கோளிலும் ஏற்றினேன். இரண்டு நாள் கழித்து அண்மைய மாற்றங்களில் ஒரு சிறு திருத்தம் தெரிந்தது. எனக்கு முன்பின் தெரியாத ஒரு பயனர் 'புறநானூறு 182' என்றிருந்ததை 192 என்று மாற்றியிருந்தார். காரணமாக ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: '182 உண்டால் அம்ம இவ்வுலகம்; கடலுள் மாய்ந்த இளம்பெருவழுதி.' வயிற்றில் ஏதோ இறங்கியது போலிருந்தது. என் கோப்பைத் திறந்தேன். 182. மலரின் மெய்ப்பைத் திறந்தேன். அங்கும் 182.

இணையத்தில் இரண்டு நாளில் திருத்தப்பட்ட பிழை தாளில் 250 பிரதிகளாகி அக்காவின் முன்னறையில் பழுப்புத் தாள் கட்டுகளில் கிடந்தது. மறுநாள் வீட்டுக்கிருத்தியம். யாருக்கும் தெரியாது என்று விட்டுவிடலாம் என்ற எண்ணம் வராமல் இல்லை. கொப்பியில் இருந்த பென்சில் எழுத்துகள்தான் கண்முன் வந்தன. தொலைபேசியில் சொன்னேன். அக்கா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வெள்ளை மை வைத்திருக்கிறீர்களா, தம்பி? இரண்டு போத்தல் வாங்கி வாருங்கள்" என்றார்.

அன்றிரவு ஆறு பேர் தரையில் பாய் விரித்து உட்கார்ந்தோம். சித்தப்பா கட்டை அவிழ்த்து, 13 அடிகளும் அச்சாகியிருந்த ஐந்தாம் பக்கத்தைத் திறந்து தருவார். நான் 8இன்மேல் வெள்ளை மை தொடுவேன். மாணவர்கள் காயவிட்டு அடுக்குவார்கள். ஆசிரியை மெல்லிய கறுப்புப் பேனையால் 9 எழுதுவார். கணக்காய்வாளர் எண்ணிக்கை பார்த்தார். இடையில் தேநீர் வந்தது. நள்ளிரவு தாண்டி 250ஆவது பிரதி முடிந்தது.

நூலகம் நிறுவனத்துக்கு அனுப்பவென்று ஒரு பிரதியை அக்கா முன்கூட்டியே எடுத்து அலுமாரியில் வைத்திருந்தார். அது எங்கள் கணக்கில் வரவில்லை. எல்லோரும் எழுந்த பிறகு அதை எடுத்து வந்து, என்னிடமிருந்து போத்தலை வாங்கி, தாமே தொட்டு, தாமே 9 எழுதினார். பிறகு அந்தப் பக்கத்தைத் திறந்தபடியே மின்விசிறிக்குக் கீழே வைத்துவிட்டு, காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.